வெள்ளைச் சட்டைக்காரங்க கடைசீல வாங்க

போன மாதம் மறுபடியும் ஆனைமலைக் காட்டுக்குப் போயிருந்தேன். வழிகாட்டியின் பின்னால் வரிசையாக நடக்கும் ஒரு கூட்டத்தில் நானும் ஒருத்தி. கிளம்பும் முன் அந்த வழிகாட்டி எங்களை மேலும் கீழும் பார்த்து, "வெள்ளை யாரும் போடலீங்கல்ல?" என்று கேட்டார். எல்லோரும் குனிந்து தங்கள் சட்டையைப் பார்த்துக்கொண்டு சிரித்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை. எனக்குள் ஒரு பழைய மெட்டாடர் வேன் இருமிக்கொண்டு கிளம்பிவிட்டது.

அப்போது பல்லடத்துக்குப் பக்கத்தில் இருந்தோம். மழை எட்டிப் பார்த்துவிட்டு வேறு ஊருக்குப் போய்விடுகிற பூமி. எங்கள் வீடும் பெரியப்பா வீடும் ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். வாசல் ஒன்று, கிணறு ஒன்று, பட்டி நாய்கூட ஒன்றுதான். பேச்சு மட்டும் இல்லை.

கிணறு வற்றிய ஒரு கோடையில் வந்த வினை அது. கிணற்றுக்குள் இறங்கி, சுவரில் பக்கவாட்டாகத் துளை போட்டு ஊற்றைத் தேடுவார்கள் எங்கள் பக்கம். சைடு போர் என்று பேர். கிழக்கே போடலாம் என்றார் பெரியப்பா. மேற்கே என்றார் அப்பா. மூத்தவர் பேச்சை மதித்துக் கிழக்கே போட்டார்கள். புழுதி வந்தது. இன்னும் கொஞ்சம் உள்ளே விட்டார்கள். இன்னும் கொஞ்சம் புழுதி வந்தது. அப்போது கிணற்று மேட்டில் நின்று அப்பா ஏதோ ஒரு வார்த்தை சொன்னாராம். என்ன வார்த்தை என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை, எனக்கு நரை விழுந்த பின்னும் சொல்லவில்லை. கிணற்றில் எறிந்த கல்லைப் போல அது இன்னும் தரை சேராமல் இறங்கிக்கொண்டே இருக்கிறது என்றுதான் நினைத்துக்கொள்வேன்.

அதனால் எனக்கு ஒரு வேலை கிடைத்தது. தண்ணீர் முறை வைத்துப் பாய்கிற கிணறு. ஒருவர் நிறுத்தினால்தான் மற்றவர் மோட்டாரைப் போட முடியும். அப்பா என்னைக் கூப்பிடுவார். "அம்மணி, மோட்டாரை நிறுத்தியாச்சான்னு உங்க பெரியப்பாகிட்ட கேட்டுட்டு வா." பெரியப்பா கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருப்பார். எல்லாம் காதில் விழுந்திருக்கும். ஆனாலும் நான் போய் முன்னால் நின்று ஒரு எழுத்து விடாமல் சொல்லும்வரை காத்திருப்பார். பிறகு, "நிறுத்தியாச்சுன்னு உங்கப்பன்கிட்டச் சொல்லு கண்ணு." திரும்பி வந்து சொல்வேன். அப்பாவும் அப்போதுதான் கேட்பவரைப் போலத் தலையாட்டுவார். பள்ளிக்கூடத்தில் எந்தப் பிள்ளைக்கும் இப்படி ஒரு பதவி கிடையாது. இரண்டு நாடுகளுக்கு நடுவே நான்தான் தூதர் என்று எனக்குத் தலை கொஞ்சம் கனத்தே இருந்தது.

ஆனால் என் பதவியால் ஆகாத காரியம் ஒன்று வந்தது. பெரியப்பா மகள், அக்கா, அவளுக்குத் தை மாதம் கல்யாணம். விளக்குப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வருவதற்கு நீதான் என்று அக்கா சுவருக்கு மேலே எட்டி என்னிடம் சொல்லியிருந்தாள். அம்மா அரக்குச் சிவப்பில் பட்டுத்துணி எடுத்து வந்து, பாவாடை தைக்கக் கொடுக்காமல், மடிப்புக் கலையாமல் பீரோவில் வைத்திருந்தாள். ஏனென்றால் கூடப்பிறந்தவனைக் கல்யாணத்துக்கு ஆள்விட்டு அழைக்க முடியாது. வெற்றிலைத் தட்டோடு வந்து, முகத்தைப் பார்த்து, வாயைத் திறந்து, வந்துரு என்று சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் அப்பா போகமாட்டார். அப்பா போகாத கல்யாணத்தில் நான் என்ன விளக்கைப் பிடிப்பது. "எப்பம்மா தைக்கக் குடுக்கறது?" என்று கேட்டால், "பாக்கலாம்" என்பாள் அம்மா. பீரோ சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள்.

இந்த நேரத்தில்தான் அத்தை வந்தாள். அண்ணன்மார் இருவருக்கும் ஒரே தங்கை, உடுமலைப்பேட்டையில் தேங்காய் மண்டிக்காரருக்கு வாழ்க்கைப்பட்டவள். எங்கள் வீட்டில் காப்பி குடித்துக்கொண்டே, "ஏனுங்ணா, ஆனைமலை மேல டாப்ஸ்லிப் போலாமுங்க. ஆள் கூட்டிக்கிட்டுக் காட்டுக்குள்ள நடக்க உடறாங்களாம், காட்டு யானை பாக்கலாமாம். வேன் பேசிப்போட்டேன்" என்றாள். எனக்கு அந்த நிமிடமே உடம்பு முழுக்க யானை. கோயில் வாசலில் காசு வாங்குகிற யானை இல்லை, யார் கையையும் பார்க்காத யானை. அத்தை காப்பியை முடித்துக்கொண்டு பெரியப்பா வீட்டுக்குப் போய், அங்கே இன்னொரு காப்பியோடு இதே வார்த்தைகளைச் சொன்னது சுவர் வழியாக எனக்குக் கேட்டது. பாவம், ஏற்கெனவே எங்களிடம் சொன்னது அத்தைக்கு மறந்துவிட்டது போல என்று நினைத்துக்கொண்டேன்.

விடிந்தும் விடியாமல் வேன் வந்தது. அப்பா படியில் கால் வைத்தார். உள்ளே ஜன்னலோரம் பெரியப்பா. வைத்த காலை எடுத்தார். ஆனால் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றது மாமா, அத்தையின் கணவர். "வாங்க மச்சான், உக்காருங்க, நேரமாச்சுங்க." தங்கை மாப்பிள்ளை கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, நான் வரவில்லை என்று இறங்கிப் போவது எங்கள் சனத்தில் நடக்கிற காரியமா? சண்டையைத் தள்ளிவைக்கலாம், மாப்பிள்ளைக்குத் தருகிற மரியாதையை எங்கே கொண்டுபோய்த் தள்ளிவைப்பது? அப்பா ஏறி எதிர் ஜன்னலோரம் உட்கார்ந்தார். பொள்ளாச்சி தாண்டி, தென்னந்தோப்புகள் தாண்டி, சேத்துமடை வளைவுகளில் வேன் முக்கி ஏறுகிறவரை இருவரும் ஆளுக்கொரு பக்கம் ஊரான் தோட்டங்களை எடை போட்டுக்கொண்டே வந்தார்கள்.

மேலே வழிகாட்டி காத்திருந்தார். காக்கிச் சட்டை, மூங்கில் மாதிரி மெலிந்த உடம்பு, மெல்லிய குரல். "காட்டுக்குள்ள பேசக் கூடாதுங்க. தின்னக் கூடாதுங்க. நான் கையைத் தூக்குனா நின்னுரோணுமுங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தவர், அப்பாவிடம் வந்ததும் நின்றுவிட்டார். வெளுத்து நீலம் போட்ட வேட்டி, வெள்ளைச் சட்டை. திரும்பிப் பெரியப்பாவைப் பார்த்தார். அதே வேட்டி, அதே சட்டை, அதே நீலம்.

"ஏனுங்க, காட்டுக்குள்ள யாராச்சும் வெள்ளையப் போட்டுட்டு வருவாங்களா? கண்ணாலத்துக்கா போறீங்க?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அம்மாவும் பெரியம்மாவும் வேறு வேறு மரங்களைப் பார்த்தார்கள்.

"அவங்க தூங்கறப்பவும் வெள்ளைதானுங்க தம்பி" என்றாள் அத்தை.

வழிகாட்டி பெருமூச்சு விட்டார். "செரி, ஆவறது ஆகட்டும். வெள்ளைச் சட்டைக்காரங்க ரெண்டு பேரும் கடைசீல வாங்க. முன்னால வந்தீங்கன்னா மிருகம் நம்மளை மொதல்ல பாத்துரும்."

மாமா மட்டும் கரும்பச்சைச் சட்டையில் வந்திருந்தார். மாமாவுக்குப் பச்சையைத் தேடி எடுத்து வைத்த அத்தை, அண்ணன்மாருக்கும் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கலாமே என்று எனக்குத் தோன்றியதெல்லாம் வெகுகாலம் கழித்து.

நடந்தோம். முன்னால் வழிகாட்டி, பிறகு மாமா, பெண்கள், அவர்களுக்குப் பின்னால் நான், எனக்குப் பின்னால் இரண்டு வெள்ளைகள். தேக்கு இலைகள் அப்பளம் போல நொறுங்கின. கிளையிலிருந்து கிளைக்கு ஒரு பெரிய அணில், வாலை மறந்து விட்டுவிட்டதைப் போல, உடம்பு போன பிறகும் வால் போய்க்கொண்டே இருந்தது. யாரும் பேசவில்லை. எனக்கு அது விசித்திரமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. எல்லோரும் பேசாமல் நடக்கிற இடத்தில் அப்பாவும் பெரியப்பாவும் பேசாதது தனியாகத் தெரியவில்லை. காட்டுக்குள் எங்கள் குடும்பம் மற்ற குடும்பங்களைப் போலவே இருந்தது.

புல்வெளி ஓரம் ஒரு காட்டுமாடு. இருட்டை உருட்டி வைத்த மாதிரி உடம்பு, காலில் மட்டும் வெள்ளைக் காலுறை. பெரியப்பா குனிந்து என் காதில், "இது கறக்குமான்னு உங்கப்பன்கிட்டக் கேளு கண்ணு" என்றார். நான் பின்னால் போய்க் கேட்டேன். அப்பா மாட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "சொம்பை எடுத்துக்கிட்டு உங்க பெரியப்பாவைக் கிட்டப் போயிப் பாக்கச் சொல்லு" என்றார். அதையும் ஒரு எழுத்து விடாமல் கொண்டுபோய்க் கொடுத்தேன். பெரியப்பாவின் மீசை லேசாக நடுங்கியது. கோபம் என்று நினைத்துத் தள்ளி நின்றேன்.

பாதை ஒரு பாறையைச் சுற்றித் திரும்பியது. கறுப்பும் வெளுப்பும் பட்டை பட்டையாக, பிசைந்த மாவை மடித்து மடித்து வைத்ததைப் போன்ற பாறை. வழிகாட்டி கிசுகிசுத்தார்: "பூமிக்கடியில ஆழத்துல கெடந்து, சூட்டுல வெந்து, அமுங்கி, மடங்கி, அப்புறம் மேல வந்த கல்லுங்க. இமயமலையெல்லாம் இதுக்குச் சின்னப் பையன். தொட்டுப் பாருங்க, பேத்தெடுக்கக் கூடாதுங்க." ஆளுக்கு ஒரு தரம் தொட்டுவிட்டு நகர்ந்தார்கள். நான் கன்னத்தை வைத்துப் பார்த்தேன். அவ்வளவு வெந்த கல், சில்லென்று இருந்தது.

கடைசியில் வந்தவர்கள் நகரவில்லை. இரண்டு பட்டைகளுக்கு நடுவே ஒரு விரிசல். அந்த விரிசலில் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. ஒரு சொட்டு திரண்டு, யோசித்து, விழும். அடுத்தது திரளும். பல்லடத்துக்காரனுக்கு இதற்கு மேல் என்ன காடு வேண்டும், என்ன மிருகம் வேண்டும்.

"இது கெழக்க இருந்து வார தண்ணின்னு உங்கப்பன்கிட்டச் சொல்லு."

"பட்டை எந்தப் பக்கம் சாஞ்சிருக்குதுன்னு உங்க பெரியப்பாவை நல்லாப் பாக்கச் சொல்லு அம்மணி."

"சாய்மானத்துக்கும் ஊத்துக்கும் சம்பந்தமில்லைன்னு சொல்லு."

"கையை உள்ள வெச்சுப் பாத்துட்டுப் பேசச் சொல்லு."

இந்தக் கடைசிச் செய்தியை வாயில் வைத்துக்கொண்டு திரும்பியபோதுதான் பார்த்தேன், முன்னால் வழிகாட்டியின் கை உயர்ந்திருந்தது. எல்லோரும் அப்படியே குந்தியிருந்தார்கள். அத்தை திரும்பி, கண்ணை அகல விரித்து, மூக்குக்கு முன்னால் கையை மடக்கி ஆட்டிக் காட்டினாள். தும்பிக்கை. வா, வா என்றது மறு கை.

செய்தியா, யானையா? நான் ஓடினேன். இலை நொறுங்காமல் கால்விரலில் ஓடினேன். இன்னும் அந்த மூங்கில் புதர் வரைக்கும் போனால் போதும், அக்காவின் தோளைப் பிடித்து எட்டினால் போதும்.

பின்னால் பாறை வெடித்த மாதிரி ஒரு குரல்.

"ஏனுங்ணா! கையை வெச்சுத்தான் பாருங்களேன்! மேக்கதானுங்ணா வருது!"

காடு கடந்து காடு கூப்பிடுகிற குரல் அது, வரப்பில் நின்று அடுத்த தோட்டத்தைக் கூப்பிட்டுப் பழகிய குரல். அதைவிடப் பெரிதாக இன்னொன்று: "கிறுக்கா, அன்னைக்கும் இதையேதான்டா சொன்னே! இங்க வாடா, என் கையைப் புடிச்சுப் பார்றா, கெழக்கடா!"

முன்னால் மூங்கில் முறிந்தது. மண் அதிர்ந்தது என் பாதத்துக்குத் தெரிந்தது. அக்காவின் தோளைப் பிடித்து நான் எட்டிய நேரத்தில் அங்கே ஓடை இருந்தது, கலங்கிய தண்ணீர் இருந்தது, அசைந்து அசைந்து நின்றுபோகிற சில கிளைகள் இருந்தன. குட்டியும் இருந்ததாம். அக்கா பார்த்தாளாம்.

வழிகாட்டி எங்களைக் கடந்து விறுவிறுவென்று பின்னால் போனார். "ஏனுங்க, உங்க ரெண்டு பேருக்கும் பேசறதுக்கு வேற எடமே கெடைக்கலீங்களா?"

"கெடைக்கலீங்க தம்பி" என்றாள் அத்தை. சொல்லிவிட்டு, ஓடைக்கரையில் அப்படியே உட்கார்ந்து, முந்தானையை முகத்தில் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. நானும் அழுதுகொண்டுதான் இருந்தேன். ஆனாலும் யானையைத் தவறவிட்ட துக்கம் என்னவென்று தெரிந்தவள் நான்தானே. பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவி, "அழுவாதீங்கத்தை, அடுத்த தடவை வந்து பாத்துக்கலாம்" என்று தேற்றினேன்.

திரும்பும்போது அவர்கள் ஒரே இருக்கையில் உட்கார்ந்து வந்தார்கள். ஈரமான சட்டைக்கைகளை ஆட்டி ஆட்டி, கிழக்கு, மேற்கு, கிழக்கு. யாரும் என்னிடம் எதையும் சொல்லி அனுப்பவில்லை. பொள்ளாச்சியில் நிறுத்தி வாங்கித் தந்த முறுக்கைத் தின்னாமல் மடியிலேயே வைத்துக்கொண்டு, ஜன்னலில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மறுநாள் காலை, தண்ணீர் முறை நேரம். வழக்கம்போல வாசலில் போய் நின்றேன். அப்பா என்னைத் தாண்டிப் போனார். சுவருக்கு மேலே தலையை நீட்டி, "ஏனுங்ணா, மோட்டாரை நிறுத்தியாச்சுங்களா?" என்றார்.

நான் நின்றபடியே இருந்தேன். காட்டுக்குள் கடைசிச் செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்க்காமல் யானை பார்க்க ஓடிவிட்டேனே, அதற்குத்தான் என் வேலையைப் பிடுங்கிவிட்டார்கள் என்று எனக்குப் புரிந்துபோயிற்று. உள்ளே ஓடி அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு, இனிமேல் ஒழுங்காகச் சொல்கிறேன், எங்கேயும் ஓடமாட்டேன், அப்பாகிட்டச் சொல்லும்மா என்று தேம்பினேன். அம்மா இடுப்பிலிருந்து சாவியை எடுத்து பீரோவைத் திறந்தாள். அரக்குச் சிவப்பை உதறி விரித்து, என் இடுப்பில் வைத்துத் தரைவரை நீட்டிப் பார்த்தாள்.

"அழுதுக்கிட்டே நெளியாத கண்ணு" என்றாள். "நேரா நில்லு, அளவு தப்பிப்போகும்."