சிக்குவா என்றொரு பெயர்

ஒசாகாவில் ஒரு சின்ன வீடியோ கேம் கம்பெனியில் யசுமிட்சுவுக்குக் கதை எழுதும் வேலை. ஒரு கட்டம் முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் திரையில் ஆட்கள் நின்று பேசுவார்களே, அந்தக் காட்சிகள். வாள் வீசத் துடிக்கும் பிள்ளைகளுக்கு அவை வேப்பங்காய். பட்டனைத் தட்டித் தாண்டிவிடுவார்கள்.

ஆட்டத்தின் முடிவில் ஓடும் பெயர்களில் யாருடைய சொந்தப் பெயரும் இருக்கக் கூடாது. போட்டிக் கம்பெனி ஆளைக் கொத்திக்கொண்டு போய்விடுமாம். மற்றவர்கள் புலி, இடி என்று வைத்துக்கொண்டார்கள். இவர் வைத்தது சிக்குவா. மீன் மாவில் சுட்ட குழல் அது. சாப்பிடும்போது அதைக் கண்ணில் வைத்து மகளைப் பார்ப்பார். சினாட்சு சிரித்துச் சிரித்து அவருக்கு அந்தப் பெயரையே வைத்துவிட்டாள்.

விவாகரத்துக்குப் பிறகு ஐந்து வயது சினாட்சுவோடு மனைவி ஹகாட்டாவுக்குப் போய்விட்டாள். வளரும்வரை குழந்தையைக் குழப்ப வேண்டாம், பேசவே வேண்டாம் என்று கேட்டாள். இந்த மனிதரும் தலையாட்டி வைத்தார். ஆட்டியிருக்கக் கூடாது. தனியாக உட்கார்ந்து சாப்பிடும் ஞாயிற்றுக்கிழமைகளில் சோறு இறங்காது. என்றாவது அவள் அந்தப் பெயரைப் பார்ப்பாள் என்ற ஆசை ஒன்றுதான் மிச்சம்.

ஆட்டத்தில் மாட்டிக்கொள்ளும் பிள்ளைகள் கம்பெனிக்குப் போன் செய்வார்கள். எல்லாரும் நழுவும் அந்த வேலையை இவர் கேட்டு வாங்கிக்கொண்டார். சில வருஷம் கழித்து ஒரு மத்தியானம் ஒரு சிறுமியின் குரல்.

"மாமா, ஹகாட்டாலேர்ந்து சினாட்சு பேசுறேன். கோபுரத்துல ஏறவே முடியல."

கொடுத்த வாக்கு அவர் வாயைக் கட்டியது. எந்தக் கல்லை நகர்த்த வேண்டும் என்று மட்டும் சொன்னார். கதைக் காட்சியிலேயே அது வருகிறதே, பார்க்கவில்லையா என்று கேட்டார்.

"வளவளன்னு பேசுவாங்க மாமா. தாண்டிடுவேன்."

"தாண்டிக்கோ. கடைசியில பேரெல்லாம் ஓடும். அதை மட்டும் தாண்டாதம்மா."

அதன் பிறகு போன் மணி அடித்தபோதெல்லாம் அவர்தான் ஓடினார். ஒருநாள் அவளேதான்.

"முடிச்சுட்டேன் மாமா. சிக்குவான்னு ஒரு பேரு வந்துச்சு. அவர் அங்க இருக்காரா?"

"இருக்காரும்மா."



"அப்ப அவர்கிட்ட சொல்லுங்க. மறுபடி முதல்லேர்ந்து விளையாடப் போறேன். ஒரு காட்சியையும் தாண்ட மாட்டேன்."

கடைசியாகச் சொன்னதில் அவள் மாமா என்று கூப்பிடவில்லை. போனை வைத்த பிறகுதான் அவருக்கு அது உறைத்தது.