நாலு மணிக்கு நிலநடுக்கம்

1. புரளி

சாயங்காலம் நாலு மணிக்குத் தேனியில் பூமி ஆடப்போகிறது என்ற பேச்சு எங்கிருந்து கிளம்பியது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. குஜராத் நிலநடுக்கத்துக்கு அடுத்த வாரம் அது. இடிந்த கட்டடங்களை எல்லா டிவியிலும் திரும்பத் திரும்பக் காட்டிக்கொண்டிருந்தார்கள். அதற்குச் சில வாரம் முன்புதான் மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் நிலம் அதிர்ந்து, எங்கள் பக்கத்திலும் பாத்திரங்கள் லேசாக ஆடியிருந்தன. அதனால் ஜனங்கள் நம்பியதில் ஆச்சரியம் இல்லை. நான் வேலைக்குப் போகும்போதே பழனிசெட்டிபட்டியில் வீடுகளுக்கு வெளியே பாயும் கட்டிலும் கிடந்தன. பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளைகளைத் திரும்ப அழைத்துக்கொண்டு போனார்கள்.

நான் அப்போது உள்ளூர் கேபிள் சேனல் ஒன்றில் நிகழ்ச்சித் தயாரிப்பாளர், அறிவிப்பாளரும் நானே. முதலாளி ராஜாங்கம் ஏற்கெனவே ஒரு பாட்டுச் சேனல் நடத்திக்கொண்டிருந்தார். அறிவியலுக்கும் தொழில்நுட்பத்துக்கும் மட்டுமே ஒரு சேனல் வேண்டும் என்பது அவர் ஆசை. பாலிடெக்னிக் படிப்பைப் பாதியில் விட்டவர். எந்த மெஷினைக் கண்டாலும் மூடியைத் திறந்து பார்க்காமல் நகரமாட்டார். இயற்பியல் படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த என்னையும், கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்த பாண்டியையும் சேர்த்துக்கொண்டு, மாடியில் ஒரே அறையில் தொடங்கினார். லோயர் கேம்ப் மின் நிலையத்தில் தண்ணீர் எப்படிக் கரண்டாகிறது, மிக்ஸி மோட்டார் ஏன் சூடாகிறது என்றெல்லாம் போட்டோம். யாராவது பார்க்கிறார்களா என்பதே எங்களுக்குச் சந்தேகம். போன் அடித்தால், பாட்டுச் சேனல் சரியாகத் தெரியவில்லை என்ற புகாராகத்தான் இருக்கும்.

அன்று போன் ஓயவில்லை. எல்லோருக்கும் ஒரே கேள்வி. "நாலு மணிக்குங்கறாகளே, நெசமா?"

ராஜாங்கம் மூச்சு வாங்க மாடியேறி வந்தார்.

"தாயி, உடனே லைவ்ல உக்காரு. பூமியும் ஆடாது, ஒண்ணும் ஆடாதுன்னு அடிச்சுச் சொல்லிப்புடு."

"அப்படிச் சொல்ல முடியாதுண்ணே."

"ஏன்?"

"வரும்னு சொல்றவனுக்கும் தெரியாது, வராதுன்னு சொல்ல நமக்கும் தெரியாது. மணி குறிச்சுச் சொல்ற வித்தை உலகத்துல யாருகிட்டயும் இல்ல. அதை மட்டுந்தான் சொல்லலாம்."

"பயந்துகிடக்கிற சனத்துக்கிட்டப் போயி தெரியாதும்பியா? அதுக்கு எதுக்கு ஒரு சேனலு?"

"வராதுன்னு சொல்லி, லேசா ஆடிருச்சுன்னு வைங்க. அப்புறம் நாம எதைச் சொன்னாலும் நம்ப மாட்டாகண்ணே."

"சரி. உனக்குத் தெரிஞ்சதையே சொல்லு. நாலு மணி தாண்டுற வரைக்கும் இந்தக் கட்டடத்துக்குள்ளயே உக்காந்து சொல்லு. நானும் உன் பக்கத்துல உக்காருறேன்" என்றார். பிறகு, வீட்டு ஆளும் உள்ளே இருந்தால்தான் ஜனங்கள் நம்புவார்கள் என்று, போனை எடுத்து மனைவி பாக்கியத்தையும் கிளம்பி வரச் சொன்னார்.

2. நேரலை

மேஜைமேல் ஒரு தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி வைத்தேன். தரை அசைந்தால் தண்ணீர் காட்டிக்கொடுக்கும் என்று சொல்லிவிட்டு, பாண்டியை அதன்மேல் க்ளோஸப் வைக்கச் சொன்னேன். நிலநடுக்கம் எதனால் வருகிறது, வந்தால் எங்கே நிற்க வேண்டும் என்று பேசினேன். இடையிடையே போன் எடுத்தேன்.

மதியத்துக்குமேல் ஒரு பெண் கூப்பிட்டாள். பெயர் ஈஸ்வரி.

"அக்கா, கைப்புள்ள வச்சிருக்கேன். பூகம்பப் பயத்துல ரெண்டு நாளா வெளியிலதான் படுக்கோம். பனி ஒத்துக்கல. உடம்பு நெருப்பாக் கொதிக்குது, பால் குடிக்க மாட்டேங்குது. ஆஸ்பத்திரி மாடிக் கட்டடம், உள்ள போகாதேங்கறாக எங்க மாமியா. நாலு மணி கழிச்சுத் தூக்கிட்டுப் போகவா?"

அதுவரை நான் பேசியதெல்லாம் பாடம். இது பாடம் இல்லை.

"ஈஸ்வரி, நாலு மணிக்கு என்ன நடக்கும்னு எனக்குத் தெரியாது. ஆனா பிள்ளைக்கு இப்போ காய்ச்சல் அடிக்குது, பால் குடிக்கல. இது ரெண்டும் நமக்குத் தெரியும். தெரிஞ்ச ஆபத்தை முதல்ல பாரு. இப்பவே தூக்கிட்டுப் போ."

போன் கைமாறியது. வயதான குரல் ஒன்று சீறியது. "ஏத்தா, கட்டடம் விழுந்து புள்ளைக்கு ஒண்ணுன்னா நீ வந்து பதில் சொல்லுவியா?"

ராஜாங்கம் மைக்கைத் தன் பக்கம் இழுத்தார். "ஆத்தா, நான் கேபிள் ராஜாங்கம் பேசுறேன். ஜீப்பை எடுத்துக்கிட்டு வாரேன். புள்ளையோட நானும் ஆஸ்பத்திரிக்குள்ள வந்து உக்காருறேன். எங்கன நிக்கிறீக?"

அந்த அம்மா தெருவின் பெயரைச் சொன்னார். ராஜாங்கம் எழுந்து ஓடினார். அப்போதுதான் வந்து சேர்ந்திருந்த பாக்கியம் அக்கா அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தார்.

நாலு மணியை நெருங்கும்போது தண்ணீர் அசைந்தது.

லேசான வளையங்கள்தான். ஆனால் டிவி முழுக்க அது மட்டுமே தெரிந்தது. கீழே தெருவில், டிவி முன்னால் கூடி நின்றவர்களிடம் கூச்சல் எழுந்தது. நான் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டேன். பாக்கியம் அக்கா என் மணிக்கட்டை இறுகப் பிடித்தார். பாண்டி, யாரும் சொல்லாமலே காமிராவை ஸ்டாண்டோடு தூக்கி ஜன்னல் பக்கம் திருப்பினான். ஜல்லி ஏற்றிய லாரி ஒன்று உறுமிக்கொண்டு எங்கள் வாசலைக் கடந்துகொண்டிருந்தது.

"லாரிக்கும் தண்ணி ஆடும். அந்தா போகுது பாருங்க" என்றேன். தெருவில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு மைக்கில் விழுந்து வீடு வீடாகப் போயிற்று. நாலு மணி வந்தது, போனது. தண்ணீர் அசையவில்லை.

3. அதற்குப் பிறகு

ராஜாங்கம் பொழுது சாயும்போதுதான் திரும்பினார். குழந்தைக்கு நெஞ்சில் சளி கட்டியிருந்ததாம். "இன்னும் தாமதிச்சிருந்தா சிரமம்னு டாக்டர் சொன்னாக. அட்மிட் பண்ணியாச்சு" என்றார். பேசும்போதே அவர் கண் கலங்கியது. குழந்தை தேறி வீட்டுக்கு வந்த பிறகு, அதே வயதான குரல் என்னைத் தேடி போனில் வந்தது.

"தெரியாதுன்னு சொன்ன புள்ள நீதான? அன்னைக்குப் பயத்துல ஒண்ணும் காதுல ஏறல. பூமி எதுக்குத்தான் ஆடுது? பொறுமையா ஒருக்காச் சொல்லு, கேப்போம்."

அந்த வாரமே அதற்காக ஒரு நிகழ்ச்சி செய்தோம். அதன்பிறகு எங்கள் போனில் கேள்விகள்தான் வந்தன. மின்னல், செல்போன் டவர், வாழைக்கு வரும் வாடல் நோய் என்று எதையும் விட்டுவைக்கவில்லை. பதில் தெரியாதபோது தெரியாது என்று நேரலையிலேயே சொல்லிவிட்டு, விவரம் அறிந்தவர்களைத் தேடிப்போய்க் கேட்டு, அடுத்த நிகழ்ச்சியில் சொன்னோம். ஒருவர்கூட அதற்காகக் கோபித்துக்கொண்டதில்லை.

இப்போது இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். பயந்தவர்கள் உங்களிடம் கேட்டால், தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லாதீர்கள். ஆனால் தெரியாது என்று மட்டும் சொல்லிவிட்டு மைக்கை அணைத்துவிடவும் வேண்டாம். அந்த நேரத்தில் நிச்சயமாகத் தெரிந்தது ஏதாவது ஒன்று இருக்கும். அதைக் கண்டுபிடித்துச் சொல்லுங்கள். முடிந்தால், ஜீப்பை எடுத்துக்கொண்டு நேரிலும் போங்கள்.