மூடிக்குள் ஒட்டிய படம்

கோலார் தங்கவயலில் இருபது வருடம் சுரங்க எலக்ட்ரீஷியனாக இருந்த ரெமிஜியஸ், விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு பெங்களூர் தொம்மலூருக்கு வந்தார். தொட்டி நிறைந்து தண்ணீர் அதன் கம்பிகளைத் தொட்டதும் மோட்டாரைத் தானே நிறுத்தும் ஒரு பெட்டியைச் செய்து விற்றார். 1998 அது. ஒவ்வொரு பெட்டியின் மூடிக்குள்ளும் அதன் சர்க்யூட் படத்தை முழுசாக ஒட்டி, கீழே தன் போன் நம்பரையும் எழுதினார். சுரங்கத்தில் அவர் பார்த்த சுவிட்ச் பெட்டிகளில் எல்லாம் படம் இருந்தது. ரிப்பேருக்கு வருகிறவன் வேறு ஆளாகத்தான் இருப்பான். இதைப் பெருந்தன்மை என்று நான் சொல்லமாட்டேன். பழக்கம்.

ஒரே வருடத்தில் எஸ்.பி. ரோட்டு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் பாதி விலைக்கு நகல் வந்துவிட்டது. விற்பனையைக் கவனித்த சந்திரன் கொதித்தான்.

“நாளையிலிருந்து படம் ஒட்டாதீங்கண்ணா. இல்லன்னா ரெண்டு மாசத்துல கடைய மூடணும்.”

அன்று சாயங்காலமே ஒரு போன். மல்லேஸ்வரத்திலிருந்து அம்புஜம் மாமி.

“என்னப்பா பெட்டி பண்ணி வெச்சிருக்கே? குழாயைத் தொட்டா சுரீர்ங்கறது!”

இருவரும் ஓடினார்கள். மெயினை அணைத்து மூடியைத் திறந்தால், நகல். மாமி காட்டிய பில்லில் எஸ்.பி. ரோடு ராஜேந்திரன் கடைப் பெயர். ரெமிஜியஸின் படத்தை நம்பரோடு சேர்த்து ஜெராக்ஸ் எடுத்து ஒட்டியிருந்தார் ராஜேந்திரன். ஆனால் படத்தில் இருந்த, மின்சாரத்தைக் குறைத்து அனுப்பும் ட்ரான்ஸ்ஃபார்மர் பெட்டியில் இல்லை. வீட்டு மின்சாரம் நேராகத் தண்ணீருக்குப் போனது.

ரெமிஜியஸ் டார்ச்சை அடித்துக்கொண்டே கத்தினார்: “டேய், இங்க பாருடா! ரிலே சுவிட்சத் திருப்பி வச்சு போர்டப் பாதி அளவாக்கிட்டான். நமக்கு ஏன்டா தோணல?”

“அண்ணா, மாமிக்கு ஷாக் அடிச்சிருக்கு!”

“அதனாலதான் இப்பவே அவன் கடைக்குப் போறோம்.”

மாமி வீட்டில் தன் பெட்டியை மாட்டிவிட்டு, நகலோடும் சந்திரனோடும் எஸ்.பி. ரோட்டுக்குப் போனார் ரெமிஜியஸ். கடை வாசலில் ஒரு பிளாஸ்டிக் வாளித் தண்ணீர். அதில் நகலின் கம்பிகள்.

“சுவிட்ச் போட்டாச்சு. கைய விடு, ராஜேந்திரா.”

ராஜேந்திரன் விடவில்லை. கூட்டம் கூடியது. கடையில் தொங்கிய இன்னொரு நகலுக்குள் ரெமிஜியஸ் ஒரு ட்ரான்ஸ்ஃபார்மர் வைத்து, அதன் கம்பிகளை வாளியில் போட்டு, சுவிட்சைப் போட்டு, முழங்கை வரை தன் கையை விட்டார். யாரோ விசில் அடித்தார்கள்.

“சரி சார், படத்துல ட்ரான்ஸ்ஃபார்மர் இருந்துச்சு. எதுக்குன்னு எங்க எழுதியிருக்கீங்க? தேவையில்லாத செலவுன்னு நெனச்சேன்,” என்றார் ராஜேந்திரன்.

ரெமிஜியஸ் ஈரக் கையை வேட்டியில் துடைத்து, பேனா வாங்கி, படத்தில் ட்ரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் எழுதினார்: ‘இது இல்லாவிட்டால் தண்ணீரில் கரண்ட்.’

“இனிமே இதையும் சேர்த்து ஜெராக்ஸ் எடு. உன் சின்ன போர்டோட படத்தக் குடு.”

ராஜேந்திரன் பின்வாங்கினார். “அதக் குடுத்தா நீங்க காப்பி அடிப்பீங்களே சார்!”

கூட்டமே சிரித்தது. ராஜேந்திரனும் சிரித்துவிட்டு, பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் வரைய ஆரம்பித்தார். சந்திரன் முறைப்பாக எட்டிப் பார்த்தான்.

“அந்த ரிலே கோட்ட இன்னும் கொஞ்சம் தெளிவாப் போடுங்க,” என்றான்.