பசை காயும் வரை

வாசல் தென்னையிலிருந்து காய் விழுந்து எங்கள் காரின் பின்கண்ணாடி நொறுங்கிவிட்டது. நானும் என் சம்சாரமும் அம்பத்தூர் போய்ப் புதுசு போட்டோம். போட்டவர், "பசை காய நாளிக்கி ஆவும். கதவ மட்டும் அடிச்சி சாத்தாதீங்க, கண்ணாடி பேத்துகினு வந்துரும்" என்றார்.

அவள் பக்கத்துக் கதவோ, வாங்கின நாளிலிருந்தே ஓங்கி அடித்தால்தான் மூடும். அவள் அடிக்கிற சத்தம் கேட்டே பக்கத்து வீட்டில் எங்களுக்குக் காபி வைப்பார்கள். அன்று அவள் கதவைச் சாத்தாமல், ஆவடியில் எங்கள் வீடு வரைக்கும் கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டே வந்தாள். நான் வண்டியை நத்தை வேகத்தில் ஓட்டினேன்.

ஒரு ஷேர் ஆட்டோக்காரர் பக்கத்தில் வந்து, "இன்னா பெர்சு, பொண்ணு அழைப்பா?" என்றார்.

"ஆமா நைனா, இப்பத்தான் கட்டிகினு போறாரு" என்றாள் அவள்.

வீட்டு வாசலில் இறங்கி, கதவை மெதுவாகச் சாய்த்து வைத்தாள். சுற்றி வந்த நான், சரியாக மூடவில்லையே என்று பழக்கத்தில் ஓங்கி அடித்துவிட்டேன்.

இருவரும் பின்பக்கம் ஓடிப் பார்த்தோம். கண்ணாடி அசையவில்லை.

சிவந்துபோன உள்ளங்கையை நீட்டி, "இதுக்காய்யா அங்கேர்ந்து புட்ச்சிகினு வந்தேன்?" என்றாள். அதைத் தேய்த்துவிட்டேன்.

"தேச்சது போதும். மொதல்ல தென்னமரத்தாண்டேர்ந்து வண்டிய எடு."