கொளுத்தும் வடதுருவம்

ஃபஸீலாவுக்குத் தலைப்பு வைக்க வரும். அம்பத்தூர் எஸ்டேட்டில், ஒரு பவுடர் கோட்டிங் பட்டறைக்கு மேல்மாடியில் இருந்த அந்தச் செய்தி இணையதளத்தில் அவள் சேர்ந்த முதல் வாரமே இது எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. ஆங்கிலத்தில் வரும் வெளிநாட்டுச் செய்திகளைத் தமிழாக்குவதுதான் அவள் வேலை. ஆனாலும் யார் எழுதிய செய்தி படுத்துவிட்டாலும் ஆசிரியர் ஜாபஸ் அதை அவள் மேசைக்குத்தான் அனுப்புவார். அவள் ஒரு சொல்லை மாற்றுவாள். அரை மணியில் அது ஊரெல்லாம் ஓடும்.

வீடு பாரிவாக்கத்தில். கணவர் ராஷித் பூந்தமல்லி கடைத்தெருவில் செருப்புக்கடை வைத்திருந்தார். ஃபஸீலா இயற்பியல் பட்டதாரி. கல்யாணம், இரண்டு பிள்ளைகள் என்று பதினோரு வருடம் வீட்டில் இருந்துவிட்டு, முப்பத்தெட்டு வயதில் வேலைக்குக் கிளம்பினாள். கிளப்பிவிட்டவள் கல்லூரித் தோழி அருள்செல்வி. "ஊட்டுல குந்திகினு பேப்பர்ல தப்பு கண்டுபுடிக்கிறியே, உள்ள போய்த் திருத்துடி" என்று திட்டி, விண்ணப்பத்தையும் அவளே அனுப்பிவைத்தாள். அருள்செல்வி கோவில்பதாகையில் குடியிருந்தாள். ஆவடிப் பக்கம் ஓர் உதவிபெறும் பள்ளியில் புவியியல் ஆசிரியை.

ஒரு பிப்ரவரி மாதம் அந்தச் செய்தி வந்தது. வடதுருவத்தில் கடுங்குளிர் காலத்தின் நடுவில் வெப்பநிலை வழக்கத்தைவிட இருபது டிகிரிக்கும் மேலே போயிருந்தது. மைனஸ் இருபத்தைந்தில் இருக்க வேண்டிய ஓரிடத்தில் மைனஸ் இரண்டு. ஃபஸீலா அதைக் கவனமாகத்தான் எழுதினாள். 'வடதுருவத்தில் வழக்கத்துக்கு மாறான வெப்பநிலை: பனி உருகும் நிலையை நெருங்கியது' என்று தலைப்பும் வைத்தாள்.

இரண்டு மணி நேரத்தில் நூற்றுப்பத்துப் பேர் படித்திருந்தார்கள்.

ஜாபஸ் வந்து மேசையோரம் நின்றார். "நல்லாத்தான் எழுதியிருக்கீங்க மேடம். ஆனா தலைப்பு ஃபிரிட்ஜுக்குள்ள வெச்ச மாதிரி இருக்கு. கொஞ்சம் சூடேத்துங்களேன்."

அவர் கேட்டது அவ்வளவுதான். சொல்லை அவர் தரவில்லை. அவள் பத்து விநாடிகூட யோசிக்கவில்லை. 'கொளுத்தும் வடதுருவம்! பிப்ரவரியிலேயே உருகும் பனி' என்று தட்டினாள். மைனஸ் இரண்டு என்பது செய்தியின் நாலாவது பத்திக்கு இறங்கிப் போயிற்று. படத்துக்குத் தகதகக்கும் சூரியனுக்குக் கீழே நிற்கும் ஒரு பனிக்கரடியைப் போட்டார்கள். அது எந்த வருடத்துப் படமோ, எந்தக் கடலோ, யாரும் பார்க்கவில்லை.

சாயங்காலத்துக்குள் இரண்டு லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஜாபஸ் எல்லோருக்கும் சமோசா வாங்கிக்கொடுத்தார். பஸ்ஸில் வீடு திரும்பும்போது ஃபஸீலா பின்னூட்டங்களைப் படித்துக்கொண்டே வந்தாள். முதலில் 'உலகம் அழியப்போகுது' என்றவர்கள் இருந்தார்கள். பிறகு நாலாவது பத்திவரை படித்தவர்கள் வந்தார்கள். 'மைனஸ் ரெண்டு டிகிரி கொளுத்துதாம், விசிறி அனுப்பவா?' என்று ஒருவர் எழுதியிருந்தார். அதற்குக் கீழே எண்ணூறு சிரிப்புகள். இருபது டிகிரி ஏறியதைப் பற்றி ஒருவர்கூடப் பேசவில்லை. சண்டை முழுவதும் 'கொளுத்தும்' என்ற சொல்லைச் சுற்றியே நடந்தது. ஆனால் எண்ணிக்கை ஏறிக்கொண்டேயிருந்தது. அதையும் அவள் பார்த்துக்கொண்டேதான் இருந்தாள்.

நாலு நாள் கழித்து அருள்செல்வி போன் செய்தாள். குரல் சரியில்லை.

அவள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு தகரக் கூரைக்குக் கீழே நடந்தது. மார்ச் பிறந்தால் மதியத்துக்குமேல் பிள்ளைகள் நோட்டாலேயே விசிறிக்கொள்வார்கள். கூரைக்கு வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளைப் பெயிண்ட் அடிக்க வேண்டும் என்று ஒரு வருடமாக அருள்செல்வி அலைந்துகொண்டிருந்தாள். அன்று பெற்றோர் கூட்டத்தில் அதைப் பேச நேரம் கிடைத்திருந்தது.

"எடுத்த எடுப்புல கூரைன்னா யாரும் கேக்க மாட்டாங்கன்னு, உலகமே சூடாகுதுன்னு ஆரம்பிச்சேன். போன்ல ஒரு நியூஸ் காட்டினேன்டி. கொளுத்தும் வடதுருவம்னு. உங்க சைட்லதான் வந்துச்சு."

ஃபஸீலா போனை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

"அஜித்குமார்னு ஒருத்தர், திருமழிசைல கோல்டு ஸ்டோரேஜ்ல வேலை. எழுந்து, 'டீச்சர், மைனஸ் ரெண்டுல நின்னா எனுக்குப் பல்லு தந்தியடிக்கும். அது கொளுத்துதுன்னு போட்டுகிறான். இத்த நம்பி பெயின்ட் அடிக்கச் சொல்றீங்களே'ன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. கெட்ட மனுசன் இல்ல. அவர் சொன்னா நாலு பேரு கேப்பாங்க. அப்புறம் நான் என்ன சொன்னாலும் சிரிப்புத்தான். பேச்சு யூனிஃபார்முக்குத் தாவிடுச்சு. கூரை அடுத்த கூட்டத்துக்குப் போயிடுச்சு."

"அடுத்த கூட்டம் எப்போ?"

"ஜூலை."

அந்தத் தலைப்பை வைத்தது நான்தான் என்று ஃபஸீலா அப்போதே சொல்லியிருக்கலாம். செய்திகளில் பெயர் போடும் வழக்கம் அந்தத் தளத்தில் இல்லை. "விடுடி, பாத்துக்கலாம்" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

வார விடுமுறை அன்று திருமழிசைக்குப் பஸ் ஏறினாள். தொழிற்பேட்டை வாசலில் விசாரித்து, டீக்கடைப் பக்கம் அஜித்குமாரைப் பிடித்தாள். நாற்பது வயதிருக்கும். இடுப்பில் தடித்த ஜாக்கெட்டைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, வெயிலில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் 'கொளுத்தும் வடதுருவம்' தலைப்ப எழுதினது நான்தாங்க" என்றாள். முன்பின் தெரியாத ஆளிடம் அதைச் சொல்வது சுலபமாக இருந்தது.

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னாம்மா, சண்டைக்கு வந்துகிறியா?"

"இல்லண்ணா. அங்க மைனஸ் இருபத்தஞ்சு இருக்கணும். மைனஸ் ரெண்டுக்கு வந்துடுச்சு. அதச் சொல்லத்தான் வந்தேன்."

அஜித்குமார் டம்ளரைக் கீழே வைத்தார். "மைனஸ் இருபத்தஞ்சா? இருக்க வேண்டியது அவ்ளோவா?" கோடௌனின் பெரிய கதவைத் திரும்பிப் பார்த்தார். "எங்க சேம்பரு மைனஸ் பதினெட்டுல ஓடணும்மா. பதினஞ்சுக்கு வந்தாலே அலாரம் கத்தும். ஓனரு ஓடியாருவாரு. மைனஸ் ரெண்டுன்னா இன்னா அர்த்தம் தெரிமா? ஐஸ்கிரீமு கஞ்சியா பூடும். பட்டாணி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். லோடு மொத்தமும் குப்பைக்கு. ஆனா உள்ள நின்னா குளுரத்தான் குளுரும்."

"அதேதாண்ணா."

"அப்போ அலாரம் அடிச்சிடுச்சுன்னு எழுதிர்க்கலாமே. எனுக்குப் புரிஞ்சிர்க்குமே." அவர் குரலில் கோபம் இல்லை, ஒரு சங்கடம்தான் இருந்தது. "கொளுத்துதுன்னு போட்டுட்டு மைனஸ் ரெண்டுன்னா, பொய்யின்னுதானே நெனைப்பேன். பாவம், அந்த டீச்சரம்மாவ எல்லாரு முன்னாடியும் நோவடிச்சிட்டேன்."

அன்று மாலையே ஃபஸீலா ஒரு கட்டுரை எழுதினாள். அஜித்குமார் சொன்னதை அப்படியே வைத்து, சேம்பரில் அலாரம் அடித்தால் என்ன ஆகும் என்பதில் தொடங்கி வடதுருவத்துக்குப் போனாள். மூன்று வருடத்தில் அவள் எழுதியதில் அதுதான் நல்லது. ஜாபஸ் மறுக்காமல் போட்டார். நானூற்றுச் சொச்சம் பேர் படித்தார்கள்.

பழைய தலைப்பை மாற்றச் சொல்லிக் கேட்டாள். ஜாபஸ் தலையைச் சொறிந்தார். "மாத்தலாம் மேடம். ஆனா இன்னிக்கு மட்டும் பன்னெண்டு சேனல் அதை எடுத்துப் போட்டிருக்கான். எத்தனை இடத்துல போய் மாத்துவீங்க?" மறுநாள் மாற்றிக்கொடுத்தார். அதற்குள் அந்தப் பனிக்கரடியின் கையில் விசிறியைக் கொடுத்த கேலிப்படம் வாட்ஸ்அப் குடும்பக் குழுக்களில் எல்லாம் சுற்றத் தொடங்கியிருந்தது. ராஷித்துக்கே அது கடைக்காரர்கள் குழுவில் வந்தது. யார் வேலை என்று தெரியாமல் அவரும் சிரித்துக்கொண்டே அவளிடம் காட்டினார்.

ஏப்ரல் பரீட்சையின்போது அந்தத் தகரக் கூரைக்குக் கீழே கிருஷ்ணப்பிரியா என்ற பெண் கணக்குத் தாளின் பாதியில் சுருண்டு விழுந்தாள். குளுக்கோஸ் கொடுத்துத் தேற்றினார்கள். பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் மீதித் தாளை அவளால் எழுத முடியவில்லை. இதைச் சொல்ல அருள்செல்வி போன் செய்தபோதுதான் ஃபஸீலா வாயைத் திறந்தாள்.

"செல்வி, அந்தத் தலைப்பு நான் வெச்சதுடி."

அந்தப் பக்கம் பரீட்சை முடிந்து பிள்ளைகள் இரைந்துகொண்டு போவது கேட்டது.

"எனக்கு மைனஸ் ரெண்டுன்னா என்னன்னு தெரியாதா? முழுசாப் படிக்காமக் காட்டினது என் தப்புதான்" என்றாள் அருள்செல்வி. பிறகு, "நீ இருக்கற சைட்டுன்னாலதான் படிக்காமக் காட்டினேன்" என்றாள்.

ஜூலைக் கூட்டத்தில் அஜித்குமாரே எழுந்து சேம்பர் கதையைச் சொன்னாராம். இம்முறை யாரும் சிரிக்கவில்லை. ஆகஸ்டில், மழைக்கு நடுவே வெயில் அடித்த ஒரு நாளாகப் பார்த்து, கூரைக்கு வெள்ளை அடித்தார்கள். அந்த ஒன்பதாம் வகுப்பு அதற்குள் பத்தாம் வகுப்பாகி எதிர்க்கட்டடத்துக்குப் போய்விட்டிருந்தது.

ஃபஸீலா இன்னும் அதே மாடியில்தான் வேலை செய்கிறாள். வெப்பநிலை வரும் செய்தி என்றால், இருக்க வேண்டிய அளவையும் இருக்கிற அளவையும் முதல் வரியிலேயே சேர்த்து எழுதுகிறாள். அவை அதிகம் ஓடுவதில்லை. ஜாபஸ் இப்போது அந்தச் செய்திகளை வேறொருவருக்கும் கொடுக்கிறார். அருள்செல்வி ரம்ஜானுக்கு வந்தாள், பிரியாணி சாப்பிட்டாள், பிள்ளைகளின் படிப்பைப் பற்றியெல்லாம் பேசினாள். செய்திகளைப் பற்றி மட்டும் அவள் இப்போது ஃபஸீலாவிடம் எதுவும் கேட்பதில்லை.