பருத்தித்துறையைத் தாண்டிப் போன கப்பல்

நான்காம் வகுப்பில் ஒரு வாரம் முழுதும் நாங்கள் குடிபெயர்ந்து வந்திருந்த லாசால் ஊர் வீட்டின் கம்பளத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு கடலுக்கு நீலம் தீட்டினேன். அந்தக் காலத்து அமெரிக்க வணிகர்கள் பாஸ்டனில் கப்பலேறிச் சீனாவுக்குப் போன வழியை வரைந்து வரும்படி ஆசிரியை சொல்லியிருந்தார். மிக நன்றாக வருகிற ஒரே ஒரு படம் பள்ளி வாசலில் தொங்கும். அது என்னுடையதாக இருக்க வேண்டும் என்று உயிரை விட்டுக்கொண்டிருந்தேன்.

ஜின்செங் என்ற மருந்து வேரும் வெள்ளியும் ஏற்றிய கப்பல் ஆப்பிரிக்காவின் அடியைச் சுற்றிக் கிழக்கே போகும். தேயிலையும் பட்டும் பீங்கானும் கொண்டு திரும்பும். போய்வர ஒரு வருடத்துக்கு மேல் பிடிக்குமாம். வெளியே பனி கொட்டும். வீட்டுச் சூட்டில் கண் சொக்கும்போது கம்பளம் மெல்ல ஆடும், நானும் பாதிக் கடல் போய்விடுவேன்.

அம்மாவுக்குப் பிரெஞ்சு வராது. அதனால் என் பள்ளிக்கூட வேலைகளைத் தொடமாட்டார். அன்று மட்டும் தேநீரோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“இந்தக் கப்பல் எங்க போகுது?”

“சீனாவுக்கு.”

“எங்கட பக்கத்தாலயோ?”

“ஓம், கீழால.”

அம்மா சிவப்புப் பேனையை எடுத்தார். இலங்கைக்குக் கீழே போன என் கோட்டை வளைத்து மேலே ஏற்றி, வடமுனையில் இருக்கும் பருத்தித்துறையில் ஒரு நங்கூரம் போட்டார்.

“உதில கொஞ்சம் நிண்டு, அரிசியும் பால்மாவும் இறக்கிப்போட்டுப் பேந்து போகட்டும்.”

விளையாட்டாகச் சொன்ன மாதிரித்தான் இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மா சமையலறைக்குப் போனதும் அந்தச் சிவப்பின் மேல் நீலத்தை அப்பினேன்.

என் படம்தான் தொங்கியது. பெற்றோர் சந்திப்புக்கு வந்த அம்மா அதன் முன்னால் நெடுநேரம் நின்றார். இலங்கையின் உச்சியில் தடித்துக் காய்ந்திருந்த நீலத்தை விரலால் தடவினார்.

“இங்க கப்பல் வரேல்லையோ பிள்ளை?”

“அந்தப் பக்கம் ஒரு கப்பலும் வராதம்மா. ரீச்சர் புத்தகத்தில காட்டினவ.” பெருமையாகத்தான் சொன்னேன்.

அந்த மாதங்களில் யாழ்ப்பாணத்துக்கான தரைப்பாதை போரால் மூடிக் கிடந்தது. சின்னம்மா கைக்குழந்தையோடு பருத்தித்துறையில் இருந்தார். அங்கே கப்பல் வந்தால்தான் அரிசி, கப்பல் வந்தால்தான் பால்மா. ஞாயிறு தோறும் தொலைபேசியில் அம்மா அவரிடம் முதலில் கேட்பது, கப்பல் வந்ததா என்றுதான். என் காதிலும் அது விழுந்துகொண்டேதான் இருந்தது.

அதே கேள்வியைத்தான் பள்ளி வாசலில் என்னிடமும் கேட்டார் என்பது எனக்கு அன்று விளங்கவில்லை. வராது என்று சொல்லிவிட்டு, சொக்லேட் வாங்கித் தரச்சொல்லி அவருடைய கையைப் பிடித்து இழுத்தேன்.