மூக்குக்கு வைத்த பரீட்சை

இராமேஸ்வரத்தில் கோயிலுக்கு அடுத்த தெருவில் இருக்கும் ஒரு லாட்ஜுக்கு நான் மேனேஜர். வேலையில் சேர்ந்த கொஞ்ச நாளில், இராமநாதபுரத்தில் ஞாயிறுதோறும் நடந்த ஒரு மேலாண்மை வகுப்பிலும் சேர்ந்தேன். அங்கே பாடம் எடுத்த மேடம், யார் எதைச் சொன்னாலும், "அது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்பார். முடிவெடுக்கும் முன் ஆதாரம் தேடுங்கள், மற்றவர்கள் ஆராய்ந்து எழுதியதைப் படியுங்கள், முடிந்தால் சின்னதாகச் சோதித்துப் பாருங்கள் என்பார். எனக்கு அது தலைக்கேறிவிட்டது. "இன்னைக்கு மழ வரும் போலருக்கு" என்று கணவர் சொன்னால்கூட, "எதை வச்சுச் சொல்றீங்க?" என்று மடக்குவேன். கொஞ்ச நாளில் அவர் என்னிடம் மழை, வெயில் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார்.

அந்த நேரத்தில்தான் லாட்ஜுக்கு ஒரு தலைவலி வந்தது. தங்கிப் போனவர்கள் இணையத்தில் எழுதும் கருத்துகளில் ஒரே புகார், பல மொழிகளில்: அறையில் ஈர நாற்றம்.

முதலாளி உச்சிப்புளிக்காரர். வயல், தோப்பு என்று ஊரோடு இருப்பவர். வாரத்தில் சில நாள் லாட்ஜுக்கு வந்து போவார். புகார்களைப் படித்துக் காட்டினேன்.

"ஏத்தா, கடலோரத்துல ஈர வாடை அடிக்காம மல்லியப்பூவா மணக்கும்? சுவரு உப்புக் காத்தக் குடிக்குது. நல்ல பெயிண்டா வாங்கி மொத்தக் கட்டடத்துக்கும் அடிச்சுருவோம்."

"அய்யா, சுவருதான் காரணம்னு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியும்" என்றார்.

எனக்கும் தெரிந்திருந்தது. குளியலறைக் குழாய்தான் கசிகிறது என்று எனக்கு அசைக்க முடியாத நம்பிக்கை. ஆள் வரவழைத்து ஓர் அறையில் சுவரை உடைக்கச் சொன்னேன். உள்ளே அப்பளம் மாதிரி காய்ந்து கிடந்தது. முதலாளி ஓட்டைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "சன்னல் வைக்கப் போறியாத்தா?" என்று மட்டும் கேட்டார். அந்த ஞாயிறு மேடத்திடம் சொன்னபோது, "எப்படித் தெரியும்னு ஊரெல்லாம் கேட்டீங்க. உங்களக் கேட்டீங்களா?" என்றார். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன்.

பிறகு ஒழுங்காக உட்கார்ந்து படித்தேன். மூடிய அறைக்குள் துணி காயப்போட்டால், அந்த ஈரம் சுவருக்கும் மெத்தைக்கும்தான் போய்ச் சேரும் என்று பல இடங்களில் எழுதியிருந்தார்கள். எழுந்து போய் அறைகளைப் பார்த்தேன். கோயில் தீர்த்தங்களில் குளித்துவிட்டு வருகிறவர்களிடம் ஈரத்துணி மூட்டை மூட்டையாக இருந்தது. சன்னல் கம்பியில் வேட்டி, கதவில் சேலை, டிவி மேல் துண்டு. ஒரு மின்விசிறி, தன்மேல் போட்ட சட்டையோடு மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

மொட்டைமாடியில் கொடிக்கயிறு கட்டலாம் என்றேன். பெயிண்ட்தான் என்றார் முதலாளி. கடைசியில் ஒரு சமரசம். ஓர் அறைக்கு அவருடைய பெயிண்ட். இன்னோர் அறையில் தங்குகிறவர்களுக்கு மட்டும் மாடியில் கயிறும் கிளிப்பும். மூன்றாவது அறை இருந்தபடியே இருக்கும்.

பெயிண்ட் வாசம் போகும்வரை காத்திருந்தோம். தீர்ப்பு நாளன்று முதலாளி படியேறும்போதே, "பெயிண்ட் ரூமு கமகமன்னு இருக்குல்ல?" என்றார்.

"அய்யா, கண்ணக் கட்டிக்கிட்டுத்தான் மோந்து பாக்கணும்."

"என்னது?"

"எந்த ரூம்னு தெரிஞ்சா, மூக்குக்குப் பதிலா மனசு சொல்லிரும்."

முணுமுணுத்தபடி துண்டைக் கண்ணில் கட்டிக்கொண்டார். அறைகளைச் சுத்தம் செய்யும் அக்கா, வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டே அவர் கையைப் பிடித்து நடத்திப் போனார். எதிரே வந்த தெலுங்குக் குடும்பம் இதை ஏதோ நேர்த்திக்கடன் என்று நினைத்திருக்க வேண்டும். பக்தியோடு ஒதுங்கி வழிவிட்டார்கள்.

முதல் அறையில் நின்று மூச்சை இழுத்தவர், "ஆங்! இதுதான் நம்ம பெயிண்ட்!" என்றார். அது கயிறு கொடுத்த அறை. அடுத்த அறையில் முகத்தைச் சுளித்தார். "சீ, துணி ஊறப்போட்ட வாளி கணக்கா இருக்கு." துண்டை அவிழ்த்தேன். சுற்றிலும் பளபளவென்று அவருடைய பெயிண்ட்.

சுவரை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். "எனக்குச் சளி பிடிச்சிருக்கு" என்றார் பிறகு. "இப்ப நீ கட்டு."

எனக்கென்ன பயம்? கட்டிக்கொண்டேன். அக்கா என்னை இரண்டு சுற்றுச் சுற்றி, ஓர் அறைக்குள் நிறுத்தினார். வாடையே இல்லை. "இது கயிறு ரூம்!" என்றேன். முதலாளி சிரித்த சிரிப்பு வரவேற்பறைக்குக் கேட்டிருக்கும். எதுவுமே செய்யாமல் விட்ட மூன்றாவது அறையில் நின்றிருந்தேன்.

எனக்குக் கோபம்கூட வந்தது. அப்புறம்தான் விசாரித்தேன். அந்த அறையில் சில நாட்களாக ஆளே தங்கவில்லை. சன்னல் திறந்தே கிடந்திருக்கிறது. இதை முதலாளியிடம் சொன்னதும் அவர் சிரிப்பை நிறுத்தினார்.

"அப்படின்னா எம் பெயிண்ட் ரூம்ல யாரு இருந்தது?"

"பெரிய குடும்பம்யா. காலையிலதான் காலி பண்ணிட்டுப் போனாக."

"அத்தன பேரு துணியும் அங்கன காஞ்சா, பெயிண்ட் என்னத்தா செய்யும்? ஒரே மாதிரி ஆளு தங்குன ரூமுகளுக்குள்ளல்ல போட்டி வைக்கணும்?"

வகுப்பில் நான் எழுதி வைத்துக்கொண்டு செய்ய மறந்ததை, தோற்ற எரிச்சலில் அவர் கேட்டுவிட்டார். கேள்வி நியாயமானது. அவருக்குச் சாதகமானது என்பதற்காக அதைத் தள்ளிவிட முடியுமா?

மறுபடி முதலிலிருந்து தொடங்கினோம். இன்னும் சில அறைகளைச் சேர்த்தோம், எல்லாவற்றிலும் குடும்பங்கள். மோந்து பார்க்கவும் கூடுதலாக ஆட்களைச் சேர்த்தோம். எதிர்த்த டீக்கடைக்காரர்கூட ஒரு நாள் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தார். எந்த மூக்கும் ஒவ்வொரு தடவையும் சரியாகச் சொல்லவில்லை. ஆனாலும் கயிறு கொடுத்த அறைகள்தான் பெரும்பாலும் ஜெயித்தன. பெயிண்டால் பெரிய வித்தியாசம் இல்லை. கடலைப் பார்த்த ஓர் அறையில் மட்டும் சுவர் உண்மையிலேயே ஊறியிருந்தது. அங்கே அவர் பெயிண்ட் நன்றாக வேலை செய்தது. அதை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் மறுப்பதில்லை.

இப்போது மொட்டைமாடி முழுக்கக் கயிறு. கடல் காற்றில் எந்தெந்த ஊர்ச் சேலைகளோ ஒன்றாகப் படபடக்கின்றன. ஈர நாற்றப் புகார் வெகுவாகக் குறைந்துவிட்டது. புதிதாக வருவது, துண்டு மாறிப் போகிறது என்ற புகார். மாடிக்கு ஒரு காவல்காரரைப் போட்டுவிடலாம் என்றார் முதலாளி. ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு நிறத்தில் கிளிப் கொடுத்தாலே போதும் என்று எனக்குத் தோன்றுகிறது. தோன்றத்தான் செய்கிறது, தெரியாது. அதனால் முதல் தளத்துக்கு மட்டும் சிவப்புக் கிளிப் வாங்கியிருக்கிறோம்.